யாருடைய முறை? பழவேற்காட்டுப் பாடும் டெல்லி நாடாளுமன்றமும்

பழவேற்காடு ஏரியில் வலை கட்ட மீன் இருந்தால் மட்டும் போதாது. முறை வர வேண்டும். எந்த நாளில், எந்த இடத்தில், யார் வலை போடலாம் என்பதைக் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதா குப்பம் ஆகிய பட்டினவர் ஊர்கள் தலைமுறை தலைமுறையாகச் சீட்டுப் போட்டு முடிவு செய்து வந்திருக்கின்றன. இதற்குப் பெயர் பாடு. ஒரு வகையில் நல்ல ஏற்பாடுதான். கையில் காசு உள்ளவர் நல்ல இடத்தை வளைத்துப் போட்டுக்கொள்ள முடியாது. இன்று ஒருவருக்குக் கிடைத்த இடம் நாளை இன்னொருவருக்குப் போகும்.

ஆனால் சீட்டில் பெயர் வர வேண்டும் என்றால் அந்த ஊரில் தலைக்கட்டாக இருக்க வேண்டும். தலைக்கட்டாக இருக்க அந்தச் சாதியில் பிறந்திருக்க வேண்டும். அதே ஏரியில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, கையால் துழாவி இறால் பிடிக்கும் ஆதிதிராவிடர், இருளர் பெண்களின் பெயர் எந்தச் சீட்டிலும் இல்லை. அவர்களை ஏரியில் இறங்காதே என்று யாரும் சொல்வதில்லை. முறை மட்டும் இல்லை.

சில மாதங்களுக்கு முன் ஏரிக்கரைச் சேரி ஒன்றில் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு ஆயா கேட்டார்: "நம்ம எம்.பி. நெனச்சா ஒரு நாளு எழுந்திருச்சு நம்ம விஷயத்தப் பேசிட முடியாதா கண்ணு?" எனக்குச் சட்டென்று வந்த பதில் இதுதான்: "நெனச்ச நாளுல முடியாது ஆயா. அங்கேயும் பாடு உண்டு." அவர் சிரித்தார். அந்தப் பதிலை விரிவாகச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

நாடாளுமன்றத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஓர் அலுவல் பட்டியல் உண்டு. மக்களவை காலை 11 மணிக்குக் கூடியதும் முதல் ஒரு மணி நேரம் கேள்வி நேரம். உறுப்பினர்கள் அனுப்பும் கேள்விகள் மிக அதிகம் என்பதால் அங்கும் குலுக்கல்தான். குலுக்கலில் வந்தவற்றில் ஒரு நாளைக்கு 20 கேள்விகள்தான் நட்சத்திரக் குறியிட்டவை. அவற்றுக்குத்தான் அமைச்சர் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும், துணைக் கேள்விகளையும் எதிர்கொள்ள வேண்டும். அந்த 20இலும் நான்கைந்தைத் தொடுவதற்குள் மணி 12 ஆகிவிடும். இன்னும் 230 கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வரும். அதன்பின் அறிக்கைகளைத் தாக்கல் செய்வது, பூஜ்ய நேரம், பிறகு அரசின் மசோதாக்கள். எந்த மசோதாவுக்கு எத்தனை மணி நேரம் என்பதை அலுவல் ஆய்வுக் குழு பரிந்துரைக்கும். ஆனால் எந்த மசோதா எப்போது வரும் என்பதில் அரசின் கைதான் ஓங்கியிருக்கும். அமைச்சர் அல்லாத உறுப்பினர்களின் மசோதாவுக்கும் தீர்மானத்துக்கும் மிஞ்சுவது வெள்ளிக்கிழமை பிற்பகலில் இரண்டரை மணி நேரம். அதற்கும் குலுக்கல்.

அதிகாரம் என்பது எடுக்கப்படும் முடிவில் மட்டும் இல்லை, எது விவாதத்துக்கே வராமல் தடுக்கப்படுகிறது என்பதிலும் இருக்கிறது என்று பக்ரக், பராட்ஸ் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1962இல் எழுதினார்கள். நான் முதுகலையில் இதைப் பாடமாகப் படித்தேன். நம் முன்னோர்கள் இதை அனுபவத்தில் படித்தவர்கள்.

இந்தியாவில் சட்டசபை உறுப்பினர் அரசைக் கேள்வி கேட்கும் உரிமை 1892ஆம் ஆண்டு இந்தியக் கவுன்சில்கள் சட்டத்தோடு வந்தது. 1893 பிப்ரவரி 16 அன்று முதல் கேள்வியைக் கேட்டவர் பிங்கா ராஜா. சுற்றுப்பயணம் போகும் அதிகாரிகளின் முகாமுக்குப் பொருள் கொடுக்க வேண்டிய கடைக்காரர்களின் கஷ்டம் பற்றிய கேள்வி அது. அந்த அவையில் ராஜாக்கள் இருந்தார்கள், வக்கீல்கள் இருந்தார்கள். சேரிக்காரர் ஒருவரும் இல்லை. கேள்வி கேட்டவரே துணைக் கேள்வி எழுப்பும் உரிமை 1909இல் வந்தது.

அவைக்குள் முறை இல்லாதவர்களுக்கு வெளியே மனுதான் வழி. ஐ.சி.எஸ். தேர்வை இங்கிலாந்தோடு இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1893இல் தீர்மானம் போட்டபோது, சாதி இந்துக்களே பதவிகளை நிரப்புவார்கள் என்று அஞ்சிய தாத்தா இரட்டைமலை சீனிவாசன் சென்னையில் கூட்டம் கூட்டினார். 3,412 பேர் கையெழுத்திட்ட, 112 அடி நீள மனு லண்டனுக்குப் போனது. அந்த நிலைப்பாடு சரியா தவறா என்று இன்றும் விவாதிக்கலாம். ஆனால் எங்கே, எந்த நேரத்தில் கதவைத் தட்ட வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

முப்பது ஆண்டு கழித்து அதே மனிதருக்கு அவைக்குள் முறை வந்தது. பொன்னேரியையும் உள்ளடக்கிய பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் கோழியாளம் கிராமத்தில் பிறந்த அவர், 1923இல் சென்னை சட்ட மேலவைக்கு நியமிக்கப்பட்டார். 1924இல் அவர் கொண்டுவந்த தீர்மானம் பொதுத் தெரு, பொதுக் கிணறு, குளம், அரசு அலுவலகம் எதிலும் யாரையும் தடுக்கக் கூடாது என்றது. அது அரசு கொண்டுவந்ததல்ல. உறுப்பினருக்கு விதிகள் கொடுத்த நேரத்தை அவர் பிடித்துக்கொண்டார். தீர்மானம் நிறைவேறியது, அதே ஆண்டு அரசாணையும் வந்தது. தீர்மானம் போட்டதால் மட்டும் தெருக்கள் திறந்துவிடவில்லை. ஆனால் தடுத்தவரை எதிர்த்து நிற்கக் கையில் ஒரு காகிதம் கிடைத்தது.

முறை கிடைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு இது சாட்சி என்றால், முறை மறுக்கப்பட்டால் என்ன நடக்கும் என்பதற்குச் சாட்சி அண்ணல் அம்பேத்கர். அவர் சாதாரண உறுப்பினர்கூட இல்லை, நாட்டின் சட்ட அமைச்சர். பெண்களுக்குச் சொத்துரிமையும் விவாகரத்து உரிமையும் கொடுக்க வந்த இந்து சட்டத் தொகுப்பு மசோதா அவர் பொறுப்பில் இருந்தது. அதற்கு என்ன நேர்ந்தது என்பதை அவர் தன் ராஜினாமா அறிக்கையில் நாள்வாரியாகக் கணக்கு வைத்திருக்கிறார்.

1947 ஏப்ரல் 11: மசோதா அறிமுகம். 1948 ஏப்ரல் 9: தேர்வுக் குழுவுக்கு அனுப்பப்பட்டது. 1948 ஆகஸ்ட் 31: பரிசீலிக்கலாம் என்ற தீர்மானத்தை முன்மொழிய மட்டும் பட்டியலில் இடம். விவாதம் தொடங்கியது 1949 பிப்ரவரியில். அந்த மாதம் 4 நாள், மார்ச்சில் 1 நாள், ஏப்ரலில் 2 நாள், பிறகு டிசம்பர் 19 அன்று ஒரு நாள். 1950 முழுவதும் ஒரு நாள்கூட இல்லை. 1951 பிப்ரவரியில் 3 நாள். மறுபடி செப்டம்பரில் எடுத்து, 4 பிரிவுகள் நிறைவேறிய நிலையில் கைவிட்டார்கள்.

கவனியுங்கள். அந்த மசோதாவை அவை வாக்கெடுப்பில் தோற்கடிக்கவில்லை. நாள் கொடுக்காமலே கொன்றார்கள். 1951 செப்டம்பர் 27 அன்று அம்பேத்கர் ராஜினாமா கடிதம் கொடுத்தார். பட்டியல் சாதியினரின் பாதுகாப்பில் அரசு காட்டிய அலட்சியமும் அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. அக்டோபரில் அவையில் விளக்கம் அளிக்க வந்தவரிடம் துணை சபாநாயகர் அனந்தசயனம் ஐயங்கார், மாலை 6 மணிக்குப் பேசலாம் என்றும், உரையின் பிரதியை முன்கூட்டியே தர வேண்டும் என்றும் சொன்னார். அரசியல் சட்ட வரைவுக் குழுவின் தலைவருக்கே அன்று அவையில் நேரம் இல்லை! அவர் வெளிநடப்புச் செய்து அறிக்கையைப் பத்திரிகையாளர்களிடம் கொடுத்தார். அந்தத் தொகுப்பின் பகுதிகள் 1955, 1956 ஆண்டுகளில் நான்கு தனிச் சட்டங்களாக வந்தபோது அவர் அமைச்சர் இல்லை.

இது பழைய கதை அல்ல. சுதந்திரத்துக்குப் பின் சட்டமான தனிநபர் மசோதாக்கள் 14தான். கடைசியானது 1970இல். திருச்சி சிவா கொண்டுவந்த திருநர் உரிமை மசோதா 2015 ஏப்ரல் 24 அன்று, ஒரு வெள்ளிக்கிழமை, மாநிலங்களவையில் நிறைவேறியது. ஆனால் மக்களவையில் நிறைவேறவே இல்லை. 2020 செப்டம்பரில் கொரோனாவைக் காரணம் காட்டிக் கேள்வி நேரத்தையே ரத்து செய்தார்கள், பூஜ்ய நேரத்தை அரை மணியாகக் குறைத்தார்கள். அதே கூட்டத்தொடரில் மூன்று வேளாண் மசோதாக்களுக்கு மட்டும் நேரம் இருந்தது.

முறை கிடைத்தாலும் கேள்வியின் சொல் தவறினால் பதில் நழுவிவிடும். கையால் மலம் அள்ளுவதால் எத்தனை பேர் இறந்தார்கள் என்று 2021 ஜூலையில் மாநிலங்களவையில் கேட்டபோது, அப்படி யாரும் இறந்ததாகத் தகவல் இல்லை என்று அரசு எழுத்தில் பதில் சொன்னது. 2013ஆம் ஆண்டுச் சட்டம் கையால் மலம் அள்ளுவதையும், சாக்கடை, மலக்குழி சுத்தம் செய்வதையும் தனித்தனியாக வரையறுக்கிறது. அந்த இடைவெளியில் நம் பிணங்கள் கணக்கிலிருந்து காணாமல் போயின.

இப்போது ஏரிக்கரைக்குத் திரும்புவோம். பழவேற்காடு இருக்கும் பொன்னேரி சட்டமன்றத் தொகுதியும் திருவள்ளூர் நாடாளுமன்றத் தொகுதியும் தனித் தொகுதிகள். அண்ணல் போராடிப் பெற்றுக் கொடுத்த இடம் நமக்கு இருக்கிறது. ஆனால் நாம் மனுவை எப்போது எடுத்துப் போகிறோம்? பிரச்சினை வெடித்த பிறகு, கூட்டத்தொடர் முடிந்த பிறகு, "ஆவன செய்யுமாறு" என்று முடியும் ஒரு பக்கத்தோடு. அதை வைத்து எந்த உறுப்பினரும் கேள்வி எழுப்ப முடியாது.

மக்களவைக் கேள்விக்குக் குறைந்தது 15 நாள் முன்பே நோட்டீஸ் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு அமைச்சகமும் பதில் சொல்ல வாரத்தில் ஒரு நாள் ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஒன்றிய அரசின் பொறுப்பில் இல்லாத விஷயத்தைக் கேட்டால் கேள்வி தள்ளுபடியாகும். உள்நாட்டு மீன்வளம் மாநிலப் பட்டியலில் இருப்பதால், "பாட்டில் எங்களுக்கு ஏன் இடமில்லை" என்று டெல்லியில் கேட்டால் நிற்காது. அது மாநில அரசிடமும் சட்டமன்றத்திலும் கேட்க வேண்டியது. ஆனால் 2020இல் தொடங்கிய பிரதமர் மத்ஸ்ய சம்பதா திட்டம் ஒன்றிய அரசுடையது. அதில் பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதம், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்களுக்கு 60 சதவீதம் மானியம் என்று எழுதியிருக்கிறது. திருவள்ளூர் மாவட்டத்தில் அந்த 60 சதவீதத்தைப் பெற்ற பட்டியல் சாதி, பழங்குடிப் பயனாளிகள் எத்தனை பேர், ஆண்டுவாரியாக எவ்வளவு தொகை? இந்தக் கேள்வி நிற்கும். நட்சத்திரம் கிடைக்காவிட்டாலும் எழுத்தில் பதில் வந்தால், அந்தக் காகிதத்தை வைத்து மாவட்ட ஆட்சியரிடம் பேசலாம். 1924 அரசாணையை நம் தாத்தாக்கள் பிடித்துக்கொண்டது போல.

அடுத்த கூட்டத்தொடரின் தேதி வந்ததும் பதினைந்து நாளைப் பின்னோக்கி எண்ணுங்கள். அதற்கு ஒரு வாரம் முன்பே நம் கேள்வி எம்.பி.யின் மேசையில் இருக்க வேண்டும். அந்த ஆயாவிடம் இதைச் சொன்னேன். "அப்ப இன்னிக்கே எழுதிடு" என்றார்.