இரண்டு சூரிய உதயங்கள் கண்ட பயணம்

இரு விமான நிலையங்களின் பெயர்களைக் கொடுத்தால், இடைத்தூரத்தையும் பயண நேரத்தையும் கணினி நொடியில் சொல்லிவிடுகிறது. அந்தத் தூரத்தைக் கடக்க யார் என்ன விலை கொடுத்தார்கள் என்பதை அது சொல்வதில்லை. இலங்கையின் தென்கரையில், காலிக்கு அருகேயுள்ள கொக்கல ஏரியின் கதை அவ்வாறான ஒன்று.

1942 பெப்ரவரி 15இல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. அத்துடன் அவுஸ்திரேலியாவை லண்டனுடன் இணைத்திருந்த வான்வழியும் அறுந்தது. 1943இன் நடுப்பகுதியில், பேர்த் நகரின் சுவான் ஆற்றுக்கும் கொக்கல ஏரிக்கும் இடையே குவாண்டாஸ் நிறுவனம் கற்றலினா பறக்கும் படகுகளைச் செலுத்தத் தொடங்கியது. தூரம் ஏறத்தாழ 5,650 கிலோமீற்றர். இடையில் எங்கும் இறங்குவதில்லை. பயண நேரம் 27 முதல் 33 மணித்தியாலங்கள்.

எரிபொருளே பெரும் பாரமாக இருந்ததால் மூன்று பயணிகளையும் சிறிதளவு தபாலையும் மட்டுமே ஏற்ற முடிந்தது. எதிரிக்குத் தெரியாதிருக்க வானொலி மௌனம் காத்தார்கள். நட்சத்திரங்களைப் பார்த்தே திசை அறிந்தார்கள். புறப்பட்ட முதற்பல மணிநேரங்களில் ஓர் இயந்திரம் நின்றாலும் அந்தப் பாரத்துடன் தொடர்ந்து பறக்க முடியாது. ஒரே பயணத்தில் சூரியன் இரு தடவை உதிப்பதைக் கண்டவர்களுக்கு 'இரட்டைச் சூரிய உதய இரகசியச் சங்கம்' என்ற பெயரில் சான்றிதழ் வழங்கப்பட்டது. 1945 வரை 271 தடவைகள் கடலைக் கடந்தும் ஒரு விமானமேனும் இழக்கப்படவில்லை.

இது விமானிகளின் சாதனை, மறுப்பதற்கில்லை. ஆனால் கொக்கலவில் தளம் அமைக்கப்பட்டபோது அங்கு வாழ்ந்த மக்கள் வெளியேற்றப்பட்டனர், வீடுகள் இடிக்கப்பட்டன. சிங்கள எழுத்தாளர் மார்ட்டின் விக்கிரமசிங்க பிறந்த வீடு தப்பிப் பிழைத்து, இன்று அருங்காட்சியக வளாகத்தினுள் நிற்கிறது. மற்றையவர்களின் வீடுகளுக்கு நினைவுக் கல்வெட்டும் வாய்க்கவில்லை என்றே எண்ணுகிறேன். பலாலி விமானத்தளமும் அதே யுத்த காலத்தில் உருவானதுதான். ஓடுபாதைக்கு அருகே காணி வைத்திருப்பது என்றால் என்னவென்று வடபுலத்தவருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

2018 மார்ச்சில் குவாண்டாஸ் பேர்த்திலிருந்து லண்டனுக்கு நேரடிச் சேவையை ஆரம்பித்தது. சுமார் 14,500 கிலோமீற்றர் தூரம் ஏறத்தாழ 17 மணித்தியாலங்களில் கடக்கப்பட்டது. சிட்னியையும் லண்டனையும் இடைநிற்காது இணைக்கும் தனது திட்டத்துக்கு அந்த நிறுவனம் 'சூரிய உதயம்' எனப் பெயரிட்டதும் கற்றலினாக்களை நினைவுகூர்ந்தே. விமானிகளின் பெயர்கள் ஆவணங்களில் உள்ளன. அவர்கள் கண்ட உதயத்துக்கும் வாரிசு கிடைத்துவிட்டது. ஏரிக்கரையை விட்டு மூட்டைமுடிச்சுகளுடன் நடந்தவர்கள் எத்தனை நாழிகை நடந்தார்கள் என்பதையும் வரலாறு எழுதுபவர்கள் தேடவேண்டும்.