செல்பேசிக்கு மாற்று இயங்குதளம்: எதைத் தேர்ந்தெடுப்பது?

டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் கணினித்துறைப் பேராசிரியரான டக்ளஸ் லீத் 2021இல் ஒரு சோதனை செய்தார். ஒரு கூகிள் பிக்சல் செல்பேசியையும் ஓர் ஐபோனையும் எடுத்துக்கொண்டு, தகவல் சேகரிக்கலாமா என்று அவை கேட்ட இடங்களிலெல்லாம் கூடாது என்று சொல்லிவிட்டு, தொடாமல் வைத்தார். பிறகு அவை யாரோடு பேசுகின்றன என்று கவனித்தார். இரண்டும் சராசரியாக நாலரை நிமிடத்துக்கு ஒருமுறை தத்தம் தாய் நிறுவனத்தைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தன. சும்மா கிடந்த 12 மணி நேரத்தில் ஆண்ட்ராய்ட் அனுப்பியது ஏறத்தாழ 1 மெகாபைட்; ஐபோன் அனுப்பியது 50 கிலோபைட் சொச்சம். போனவற்றில் கருவியின் அடையாள எண்ணும் சிம் அட்டையின் எண்ணும் அடக்கம். அளந்த முறையே தவறு என்று கூகிள் மறுத்தது. ஆனால் "கூடாது" என்று சொன்ன பிறகும் ஏன் பேசுகிறது என்ற கேள்வி அப்படியேதான் நிற்கிறது.

இதைப் படித்த சூட்டில் நானும் பழைய செல்பேசி ஒன்றில் கூகிளின் வாசனையே இல்லாத ஒரு மாற்று இயங்குதளத்தை நிறுவி, அதையே அன்றாடம் பயன்படுத்தத் தொடங்கினேன். இரண்டு வாரம் பெருமையாகத் திரிந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எழுந்து பார்த்தால், இரவில் அம்மா ஊரிலிருந்து பதினொரு முறை அழைத்திருக்கிறார். அப்பாவை மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள். செல்பேசி ஒருமுறைகூட மணியடிக்கவில்லை. அப்பா தேறிவிட்டார். ஆனால் அந்தக் காலையில் எனக்கு இருந்த மனநிலையை இங்கே விவரிக்க விருப்பமில்லை. நம்மைப்போல் ஊரைவிட்டு வெகுதூரத்தில் இருப்பவர்களுக்குச் செல்பேசி முதலில் மணியடிக்க வேண்டும். அந்தரங்கமெல்லாம் அதற்கு அடுத்தபடிதான்.

ஏன் அடிக்கவில்லை? ஆண்ட்ராய்ட் என்று நாம் சொல்வது உண்மையில் இரண்டு அடுக்கு. அடியில் இருப்பது திறந்த மூல ஆண்ட்ராய்ட். அதன் மூலநிரலை யாரும் எடுத்து மாற்றி வெளியிடலாம். அதற்கு மேலே கூகிள் பிளே சேவைகள் என்ற மூடிய அடுக்கு. வரைபடம், விளம்பர அடையாள எண் போன்றவை இங்கேதான் இருக்கின்றன. அறிவிப்புகளும் இதன் வழியாகவே வருகின்றன. ஒவ்வொரு செயலியும் தனித்தனியாக விழித்திருந்தால் மின்கலம் அரை நாள் தாங்காது. ஆகவே கூகிளின் வழங்கியோடு ஒரே ஓர் இணைப்பு எப்போதும் திறந்திருக்கும். அழைப்பு வந்தால் அதன் மூலம் தட்டி எழுப்புவார்கள். நான் மேலடுக்கை அடியோடு பிடுங்கி எறிந்திருந்தேன். தட்டி எழுப்ப ஆள் இல்லை.

மாற்று இயங்குதளங்களுக்கு இடையே உள்ள முக்கியமான வேறுபாடு, அந்த மேலடுக்கை என்ன செய்கின்றன என்பதுதான். மூன்று வழிகள் உண்டு. லினியேஜ் ஓஎஸ் அதை வைப்பதில்லை. வேண்டுமானால் நீங்களே சேர்த்துக்கொள்ளலாம். 2009இல் ஸ்டீவ் கோண்டிக் தொடங்கிய சயனோஜென்மாட் என்ற புகழ்பெற்ற திட்டத்தின் வாரிசு இது. அதன் பின்னாலிருந்த நிறுவனம் 2016 இறுதியில் கடையைக் கட்டியபோது தன்னார்வலர்கள் நிரலை எடுத்துப் பெயர் மாற்றித் தொடர்ந்தார்கள். லினியேஜ் நிறுவிவிட்டு வழக்கம்போல் கூகிள் தொகுப்பு முழுவதையும் அதன்மேல் ஏற்றினால் பயனில்லை. லீத் குழுவினரின் அடுத்த ஆய்வில் அப்படி அமைத்த செல்பேசியும் கூகிளுக்குத் தகவல் அனுப்பிக்கொண்டுதான் இருந்தது.

அதே ஆய்வில் ஏறக்குறைய எதுவுமே அனுப்பாமல் நின்றது இ ஓஎஸ். மாண்ட்ரேக் லினக்ஸை 1998இல் உருவாக்கிய பிரெஞ்சுக்காரர் கயேல் டுவால் தொடங்கியது. இது இரண்டாவது வழி. கூகிள் சேவைகளுக்குப் பதிலாக மைக்ரோஜி என்ற திறந்த மூல மென்பொருளை வைக்கிறார்கள். செயலிகள் கூகிளிடம் பேசுவதாக நினைத்துக்கொண்டு இதனிடம் பேசும். அறிவிப்புக்கு மட்டும் கூகிளின் வழங்கியைத் தொட்டுவிட்டு மற்றதை இது தானே சமாளித்துக்கொள்ளும். நிறுவத் தெரியாதவர்கள், முரேனா என்ற பெயரில் இ ஓஎஸ் ஏற்றியே விற்கும் செல்பேசிகளை வாங்கலாம். குறை என்று பார்த்தால், பாதுகாப்புத் திருத்தங்கள் இதில் தாமதமாக வருகின்றன என்று வல்லுநர்கள் பலகாலமாகச் சொல்லிவருகிறார்கள்.

மூன்றாவது வழி கிராஃபீன் ஓஎஸ். இதைத் தொடங்கியவர் டேனியல் மிகே. இந்தப் பெயர் 2019இல் வந்தது. இது கூகிள் சேவைகளைப் போலி செய்வதில்லை. அசல் கூகிள் பிளேயையே நிறுவிக்கொள்ள விடுகிறது, ஆனால் சாதாரணச் செயலியாக. வீட்டுச் சாவியோடு திரிந்தவரை வாசல் திண்ணையில் உட்காரவைப்பது மாதிரி. நீங்கள் அனுமதி கொடுக்காமல் தொடர்புப் பட்டியல், இருப்பிடம் எதையும் அதனால் தொடமுடியாது. எந்தச் செயலிக்கும் இணைய அனுமதியையே மறுத்துவிடலாம். கைவிளக்குச் செயலிக்கு இணையம் எதற்கு? முழுப் பட்டியலைக் கேட்டு அடம்பிடிக்கும் செயலிக்கு நீங்கள் பொறுக்கிய நாலு பெயர்களை மட்டும் காட்டலாம். 18 மணி நேரம் பூட்டைத் திறக்காவிட்டால் செல்பேசி தானே மறுதுவக்கம் செய்து, உள்ளிருப்பதை முழுப் பூட்டுக்குள் கொண்டுபோய்விடும். எல்லைச் சோதனைகளில் செல்பேசியைப் பிடுங்கிவைத்துக்கொள்ளும் காலத்தில் இது சிறிய விஷயமில்லை.

வேடிக்கை என்னவென்றால், கூகிளிடமிருந்து தப்பிக்க இதை நிறுவ வேண்டுமானால் இன்றுவரை கூகிளின் பிக்சலைத்தான் வாங்க வேண்டியிருந்திருக்கிறது. காரணம் பூட்லோடர் என்ற தொடக்க நிரல். வேறு இயங்குதளம் ஏற்ற அதன் பூட்டைத் திறந்தாக வேண்டும். பெரும்பாலான செல்பேசிகளில் ஒருமுறை திறந்தால் புதிய இயங்குதளத்தோடு மறுபடி பூட்ட முடியாது. அதாவது உங்கள் செல்பேசி சற்று நேரம் கைக்குக் கிடைத்தவர் இயங்குதளத்தையே திருத்தி வைத்துவிடலாம், உங்களுக்குத் தெரியாது. பிக்சலில் புதிய இயங்குதளத்தின் சாவியைக் கொண்டு மறுபடி பூட்டலாம். ஒவ்வொரு முறை துவங்கும்போதும் நிரலில் யாராவது கைவைத்திருக்கிறார்களா என்று அது சரிபார்க்கும். ஃபேர்ஃபோன் சிலவற்றிலும் இ ஓஎஸ்ஸை ஏற்றியபின் பூட்டலாம். லினியேஜைப் பொறுத்தவரை கதவு பொதுவாகத் திறந்தே கிடக்கும். விளம்பரக் கம்பெனிக்குத் தகவல் போகவில்லை என்று மகிழ்ந்துகொண்டு கதவைத் திறந்துபோட்டுத் தூங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆனால் தயாரிப்பாளர் கைவிட்ட பழைய கருவியைக் குப்பையில் போடாமல் இன்னும் சில வருடம் ஓட்ட லினியேஜை விட்டால் நல்ல வழி கிடையாது.

தேர்ந்தெடுக்கும்போது நம்மவர்கள் வசதிப் பட்டியலைப் பார்க்கிறார்கள். திட்டத்தின் பின்னால் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று பார்ப்பதில்லை. டைவெஸ்ட் ஓஎஸ் ஒரே ஒருவர் உழைப்பில் ஓடியது. 2024 டிசம்பரில் அவர் நிறுத்திக்கொண்டார். அதிலாவது ஆச்சரியமில்லை. காலிக்ஸ் ஓஎஸ்ஸின் பின்னால் ஒரு அமைப்பே இருந்தது. அமெரிக்க அரசின் இரகசியத் தகவல் ஆணையை எதிர்த்துப் பல ஆண்டுகள் வழக்காடிய நிக்கோலஸ் மெரில் நிறுவியது. 2025 ஆகஸ்டில் அவரும் தொழில்நுட்பத் தலைவரும் விலக, வெளியீடுகள் நிறுத்திவைக்கப்பட்டன. பாதுகாப்புத் திருத்தங்கள் வராது, வேறொன்றுக்கு மாறிக்கொள்ளுங்கள் என்று பயனர்களுக்குச் சொன்னார்கள். கிராஃபீனுக்கும் சிக்கல் வராமலில்லை. அதே 2025 ஜூனில் ஆண்ட்ராய்ட் 16 வந்தபோது, பிக்சலுக்கான கருவிக் கோப்புகளைக் கூகிள் வழக்கம்போல் வெளியிடவில்லை. அந்த வேலையை அவர்களே செய்துகொள்ள வேண்டியதாயிற்று. செய்துவிட்டார்கள், ஆட்கள் இருந்ததால்.

ஆண்ட்ராய்டே வேண்டாம் என்பவர்களுக்கு நோக்கியாவிலிருந்து வெளியேறியவர்கள் பின்லாந்தில் உருவாக்கிய செயில்ஃபிஷ், கனோனிகல் 2017இல் கைவிட்டுத் தன்னார்வலர்கள் எடுத்து நடத்தும் உபுண்டு டச் போன்றவை உண்டு. எனக்கு இவற்றின்மேல் பிரியம் அதிகம். ஆனால் ஒரே செல்பேசி வைத்திருப்பவருக்குப் பரிந்துரைக்க மாட்டேன்.

வங்கிச் செயலிகள்தான் பெரிய தலைவலி. கூகிள் சான்றளித்த இயங்குதளமா என்று கேட்டுப் பார்க்கும் ஓர் ஏற்பாடு உண்டு. பிளே இன்டெக்ரிட்டி என்று பெயர். அதன் கடுமையான நிலைகளை வங்கி கேட்டால் எந்த மாற்று இயங்குதளமும் தேறாது, எத்தனை பாதுகாப்பாக இருந்தாலும். கூகிளின் செயலியை வைத்துக் கடையில் செல்பேசியால் தட்டிப் பணம் கொடுப்பதும் நடக்காது. எனக்கு இங்குள்ள வங்கி வேலை செய்கிறது. ஊரில் கணக்கிருக்கும் வங்கி முடியாது என்றுவிட்டது. அதற்காகப் பழைய செல்பேசியை மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். மாறுமுன் உங்கள் வங்கிச் செயலியின் பெயரோடு இயங்குதளத்தின் பெயரைச் சேர்த்துத் தேடிவிடுங்கள்.

தமிழைப் பற்றிக் கவலை வேண்டாம். எழுத்துருக்கள் அடிப்படை ஆண்ட்ராய்டிலேயே இருக்கின்றன. எஃப்-டிராய்ட் என்ற திறந்த மூலச் செயலிக் கிடங்கிலிருந்து இண்டிக் விசைப்பலகையை நிறுவினால் தமிழ்99 முறையிலேயே தட்டலாம். கூகிளின் தமிழ்க் குரல் தட்டச்சுக்குப் பழகியவர்களுக்குத்தான் கை ஒடிந்தது போலிருக்கும்.

இவ்வளவும் செய்தாலும் தொலைபேசிக் கோபுரத்துக்கு நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று தெரியும். ரேடியோ மோடத்தின் நிரல் மூடியதுதான், எந்தச் செல்பேசியிலும். முகநூலில் நீங்களே எழுதுவதை எந்த இயங்குதளமும் தடுக்காது. இருப்பிட அனுமதியை நீங்களே ஒரு செயலிக்குக் கொடுத்து, அது அதைத் தரகர்களுக்கு விற்றால் அதுவும் அப்படியே. 2020இல் முஸ்லிம் புரோ என்ற தொழுகைநேரச் செயலியில் நடந்தது அதுதான். அதிலிருந்து இருப்பிடத் தகவலை வாங்கிவந்த எக்ஸ்-மோட் என்ற தரகு நிறுவனத்தின் வாடிக்கையாளர்களில் அமெரிக்க இராணுவ ஒப்பந்தக்காரர்களும் இருந்தார்கள் என்று செய்தி வெளியானது. தரகரோடு உறவைத் துண்டிப்பதாக அந்தச் செயலிக்காரர்கள் அறிவித்தார்கள்.

நான் இப்போது வைத்திருப்பது பிக்சல் 8, கிராஃபீனோடு. 2023 அக்டோபரில் வந்த இந்த மாடலுக்கு ஏழாண்டுத் திருத்தங்கள் என்று கூகிள் வாக்குக் கொடுத்திருப்பதால் 2030 வரை கவலையில்லை. வாங்கும்போது தொலைபேசி நிறுவனத்தின் ஒப்பந்தத்தில் வாங்காதீர்கள்; அப்படி விற்கும் சிலவற்றில் பூட்லோடரைத் திறக்கவே விடமாட்டார்கள். நிறுவ இணைய உலாவியும் ஒரு யுஎஸ்பி கம்பியும் போதும், அரைமணி நேர வேலை. செல்பேசியில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும், முதலில் படங்களை நகலெடுத்துக்கொள்ளுங்கள்.

கூகிள் பிளேயை நிறுவியிருக்கிறேன். அறிவிப்புகளுக்கு மட்டும், கூகிள் கணக்கில் நுழையவில்லை. நிறுவிய அன்று இரவு அம்மாவிடம் சொல்லி, ஊரில் விடிந்ததும் இங்கே நள்ளிரவில் அழைக்கச் சொன்னேன். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டேன். "ஏம்ப்பா, தூங்கலையா?" என்றார்.