பானைக்குள் போட்ட பேரும் மூணு வருஷ ஓய்வும்

உத்திரமேரூர் கல்வெட்டைப் பத்தி மேடையில பேசாத தலைவர் கிடையாது. "ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே தேர்தல் நடத்தினவங்க நாம"ன்னு சொல்லிட்டுக் கைதட்டு வாங்கிட்டுப் போயிடுவாங்க. பெருமைதான், இல்லேன்னு சொல்லல. ஆனா ஏரித் தண்ணியை நம்பிக் கழனி ஓட்டுற என்னை மாதிரி ஆளுக்கு அந்தக் கல்வெட்டுல வேற ஒரு விஷயம் கண்ணுல படுது. இன்னிக்கு அதை எழுதறேன்.

உத்திரமேரூர் காஞ்சிபுரம் மாவட்டத்துல இருக்கு. அங்க வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர்ல முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு ரெண்டு உண்டு. ஒண்ணு 919-ம் வருஷம், இன்னொண்ணு 921. ஊர் வேலைகளைப் பாக்கிற வாரியங்களுக்கு ஆள் எடுக்கிறது எப்படின்னு அதுல விதி போட்டிருக்காங்க. முதல்ல போட்ட விதியை ரெண்டே வருஷத்துல திருத்தி எழுதியிருக்காங்க. அதுவே ஒரு நல்ல பாடம்தான்.

ஊரை 30 குடும்பாகப் பிரிச்சாங்க. குடும்புன்னா இப்போ நாம சொல்ற வார்டு மாதிரி. ஒவ்வொரு குடும்புலயும் தகுதியுள்ளவங்க பேரை ஓலையில எழுதி, கட்டாகக் கட்டிப் பானையில போடுவாங்க. உள்ள என்ன இருக்குன்னு தெரியாத ஒரு சின்னப் பையனைக் கூப்பிட்டு ஓலையை எடுக்கச் சொல்லுவாங்க. அதை வாங்குறவர் அஞ்சு விரலையும் விரிச்சு உள்ளங்கையில வாங்கணும். கைக்குள்ள வேற ஓலையை மறைச்சு வெச்சுடக் கூடாது இல்லையா, அதுக்காகத்தான்! இதுதான் குடவோலை. சரியாச் சொன்னா இது ஓட்டு இல்ல, குலுக்கல்.

குலுக்கல்ல நல்ல தலைவர் எப்படிக் கிடைப்பார்னு நீங்க கேட்கலாம். அங்கதான் சூட்சுமம். பானைக்குள்ள யார் பேர் போகலாம், யார் பேர் போகக் கூடாதுங்கிறதுலதான் அவங்க முழு மூளையையும் செலவு பண்ணியிருக்காங்க.

வயசு 35-க்கு மேல, 70-க்குள்ள. வரி கட்டுற நிலம் கால் வேலிக்கு மேல இருக்கணும், இப்போ கணக்குக்கு ஒன்றரை ஏக்கருக்குக் கொஞ்சம் கூட. சொந்த மனையில வீடு, படிப்பு, காரியத்துல திறமை, நேர்மையா வந்த பணம். இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், முன்னாடி வாரியத்துல இருந்து கணக்குக் காட்டாதவன் பேர் பானைக்குள்ள போகாது. அவன் மட்டும் இல்ல, அவனோட அண்ணன் தம்பி, மாமன், மருமகன்னு ஒரு பெரிய சொந்தக்காரப் பட்டியலுக்கே தடை. ஒருத்தன் கணக்கை முழுங்கினா அவன் சொந்தம் வழியா அதே கை திரும்ப உள்ள வந்துடும்னு தெரிஞ்சு வெச்சிருக்காங்க.

இதுக்கெல்லாம் மேல ஒரு விதி. போன மூணு வருஷத்துக்குள்ள எந்த வாரியத்துலயாவது இருந்திருந்தா, அவர் எவ்வளவு நல்லவரா இருந்தாலும் பேர் போடக் கூடாது. 360 நாள் வேலை, அப்புறம் எழுந்து வந்துடணும். கெட்டவனை நிறுத்த விதி போடுறது சுலபம். நல்லவனையும் "போதும், இப்ப அடுத்தவன் கத்துக்கட்டும்"னு உட்கார வெச்சிருக்காங்க பாருங்க, அதுதான் எனக்குப் பெரிசாத் தெரியுது.

இன்னொண்ணும் இருக்கு. எடுத்த 30 பேர்ல தோட்ட வாரியம், ஏரி வாரியத்துல ஏற்கனவே இருந்தவங்க, படிப்புலயும் வயசுலயும் பெரியவங்கன்னு பாத்து 12 பேரை சம்வத்சர வாரியத்துக்கு வெச்சாங்க. அதுதான் வருஷம் முழுக்க ஊர்க் காரியம் பாக்கிற வாரியம். மீதியில 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம். அதாவது முதல்ல ஏரிக்கரையில மிதிச்சுட்டு வா, தூர் வாரக் கத்துக்கோ, தண்ணிச் சண்டையைத் தீத்துப் பாரு, அப்புறம் ஊரைப் பாத்துக்கலாம். தலைமைக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் எனக்குத் தெரியாதுங்க. உத்திரமேரூர்ல பல்லவர் காலத்து வயிரமேகத் தடாகம்னு ஏரியும் இருந்தது, அதுல வேலையும் இருந்தது.

சரி, இதை அப்படியே கொண்டுவந்துடலாமா? கூடாதுங்க. அது பிராமணர்கள் வாழ்ந்த சதுர்வேதிமங்கலத்துச் சபை. நிலம் இல்லாதவன், சேத்துல இறங்கி உழுதவன், பெண்கள், இவங்க யார் பேரும் அந்தப் பானைக்குள்ள போனதில்ல. என் முன்னோர் அந்த ஊர்ல இருந்திருந்தா வரப்பு மேல நின்னு வேடிக்கைதான் பாத்திருப்பாங்க.

பானையோட வாயைப் பெரிசாக்கினது 73-வது சட்டத் திருத்தம். தமிழ்நாட்டுல 1994-ல ஊராட்சிச் சட்டம் வந்து, 1996-ல தேர்தல் நடந்தது. பட்டியல் இனத்தாருக்கும் பெண்களுக்கும் தலைவர் பதவியில இட ஒதுக்கீடு, அதுவும் சுழற்சி முறையில. 2016-ல பெண்களுக்குப் பாதி இடம்னு சட்டம் ஆச்சு. ஆனா வாய் பெரிசானதைச் சில பேரால தாங்க முடியல. மதுரை மாவட்டம் மேலவளவுல தலைவரா ஜெயிச்ச முருகேசனையும் கூட இருந்த அஞ்சு பேரையும் 1997 ஜூன் 30-ம் தேதி பஸ்ஸை மறிச்சு வெட்டிக் கொன்னாங்க. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் ஊர்கள்ல பத்து வருஷம் தேர்தலை நடத்தவே விடல. 2006-லதான் நடந்தது. ஒரு நாற்காலியில அடுத்தவன் உட்காரக் கூடாதுங்கறதுக்காக எவ்வளவு ரத்தம்.

அதே 1996-ல திருவள்ளூர் மாவட்டம் குத்தம்பாக்கத்துல இளங்கோ தலைவரானார். ரெண்டு முறை இருந்தார். அப்புறம் நாற்காலியைக் கெட்டியாப் பிடிச்சுக்காம, மத்த ஊராட்சித் தலைவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிற வேலைக்குப் போயிட்டார். மூணு வருஷ ஓய்வுன்னா வீட்டுல படுத்துக்கிறது இல்லேன்னு அவரைப் பாத்துப் புரிஞ்சுக்கலாம்.

எங்க பக்கத்து ஊர்ல பதவி பெண்களுக்குன்னு மாறினப்போ பழைய தலைவர் வீட்டம்மாவை நிறுத்தினாங்க. முதல் வருஷம் அந்தம்மா கையெழுத்து மட்டும்தான் போட்டாங்க. அப்புறம் பேத்தியைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு கணக்கு நோட்டைப் படிக்க ஆரம்பிச்சாங்க. மூணாவது வருஷம் கிராம சபையில வீட்டுக்காரர் எழுந்திரிச்சப்போ, "நீங்க உட்காருங்க, நான் சொல்றேன்"னாங்க. அன்னிக்குத்தான் அந்த ஊருக்கு உண்மையிலேயே புதுத் தலைவர் வந்தார்.

எங்க ஏரிக்கும் இதே கவலை. எந்த மதகை எத்தனை திருகு திறந்தா கடைமடைக்குத் தண்ணி போய்ச் சேரும்னு தெரிஞ்சவர் ஒரே ஒருத்தர். எழுபது வயசாகுது. அவர் பையன் ஒரகடத்துல கம்பெனி வேலைக்குப் போறான். போன வருஷம் ரெண்டு பசங்களை அவர்கூட அனுப்பினோம். அவங்க திறந்த முதல் முறை கடைமடைக்குத் தண்ணி ரெண்டு நாள் தாமதம், ஒரே சத்தம். பெரியவர் மதகுச் சக்கரத்தைப் பிடுங்கிக்கல. கரை மேல நின்னு, "இன்னும் ரெண்டு திருகு போடு, அப்புறம் கால்வாய்ல நடந்து போய்ப் பாத்துட்டு வா"ன்னு மட்டும் சொன்னார். இந்தப் போகத்துக்கு அந்தப் பசங்களே திறந்தாங்க. கடைசிக் கழனி வரைக்கும் நாத்து பச்சையாத்தான் நிக்குது.

நகரத்துல இருக்கிற நண்பர்களுக்கு ஒண்ணு சொல்றேன். குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி அன்னிக்கெல்லாம் கிராம சபை நடக்கும், அந்த நாலு நாளும் உங்களுக்கும் லீவு நாள்தான். சொந்த ஊருக்கு வந்தா உங்க ஆளுங்ககூட ஒருநாள் போய் உட்காருங்க. ரெண்டே கேள்வி கேட்கச் சொல்லுங்க. போன வருஷக் கணக்கு எங்க? உங்களுக்கு அடுத்து இந்த வேலையைப் பாக்க யாருக்குக் கத்துக்கொடுத்திருக்கீங்க? ரெண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லத் தெரிஞ்ச தலைவர் கிடைச்சா, அந்த ஊர் ஏரி தப்பிச்சுடும்.