குச்சியும் காகிதமும்

தமிழில் கண்டக்டர் என்றால் விசில் ஊதி டிக்கெட் கிழிப்பவர். வாத்தியக் கோஷ்டியை நடத்துகிறவனுக்கென்று ஒரு சொல் நமக்கு வேண்டியிருக்கவில்லை. சபைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கையில் வாத்தியமின்றி, ஒரு ஸ்வரம்கூட எழுப்பாமல் நிற்பவனை வித்வான் என்று ஒப்புக்கொள்ள நம் கச்சேரி மரபில் இடமில்லை.

அதற்காக நடத்துகிறவனே கிடையாது என்று சொல்லிவிட முடியாது. மதுரையைச் சுற்றிய கிராமங்களில் திருவிழா இரவுகளில் ஸ்பெஷல் நாடகம் பார்த்தவர்களுக்குத் தெரியும். ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன் எல்லோரும் தனித்தனியே பேசி அமர்த்தப்பட்டு வருகிறவர்கள். ஒத்திகை கிடையாது. மேடையில்தான் சந்திப்பு. விடியும்வரை அவர்களைச் சிதறாமல் பிடித்து வைத்திருப்பவர் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் ஆர்மோனியக்காரர். சுருதி கொடுப்பார், மறந்த அடியை எடுத்துக் கொடுப்பார், வளர்ந்துகொண்டே போகிற வசனத்தைப் பாட்டுக்குத் திருப்புவார். எல்லாம் காதால். காகிதத்தில் எதுவுமில்லை.

இளையராஜா இந்தக் காதின் உலகத்திலிருந்து வந்தவர். 1943இல் பண்ணைப்புரத்தில் பிறந்தார். அன்று மதுரை மாவட்டம், இன்று தேனி. 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் கம்யூனிஸ்ட் கட்சிக்காகப் பாடிய அண்ணன் பாவலர் வரதராஜனின் கோஷ்டியோடு ஊர் ஊராகப் போனார். பிறகு சென்னை, தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசைக்குறிப்பு, ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளர் வேலை, 1976இல் 'அன்னக்கிளி'. எல்லோரும் அறிந்த விவரங்கள். மண்வாசனை என்று எழுதி முடித்துக்கொள்கிறவர்களும் இவற்றையேதான் அடுக்குகிறார்கள்.

என் கட்சி வேறு. ஆர்மோனியக்காரரின் அதிகாரத்தை அவர் காகிதத்துக்கு மாற்றினார். வயலினுக்கு, செல்லோவுக்கு, புல்லாங்குழலுக்கு, பேஸ் கிதாருக்கு அவரவர் பகுதி எழுதித் தரப்பட்டது. ஒரு குரல் இன்னொன்றோடு எங்கே சேரும், எங்கே விலகும் என்பது ஒலிப்பதிவுக்கு முன்பே தீர்ந்துபோன விஷயம். ஆகவே குச்சி யார் கையில் என்பது இரண்டாம்பட்சமாயிற்று. ஒலிப்பதிவுக் கூடத்தில் பல வருஷங்கள் கோஷ்டியை நடத்தியவர் டிரம்மர் புருஷோத்தமன். 1993இல் லண்டனில் ராயல் ஃபில்ஹார்மானிக் அவருடைய ஸிம்பனியைப் பதிவு செய்தபோது ஜான் ஸ்காட் நடத்தினார். அந்தப் பதிவு வெளிவரவேயில்லை. 2005இல் 'திருவாசகம்', புடாபெஸ்ட் வாத்தியக் கோஷ்டியோடு லாஸ்லோ கோவாக்ஸ். 2025 மார்ச் 8 அன்று லண்டனில் 'வேலியன்ட்' அரங்கேறியபோது மிக்கேல் டாம்ஸ். ஒவ்வொரு முறையும் குச்சி வேறொருவர் கையில். கையெழுத்து மட்டும் ஒன்று.

அந்தத் தாள்களை முன்னால் வைத்துக்கொண்டு ஒரு பாட்டைப் பற்றியாவது நம் சிறுபத்திரிகைகளில் எழுதினோமா? மெட்டைப் பற்றி எழுதினோம், பாடல் வரிகளைப் பற்றிச் சண்டை போட்டோம். ஒரு கவிதையின் உருவத்துக்குச் செலவழித்த கவனத்தில் காலே அரைக்கால் இதற்குக் கொடுத்திருக்கலாம். குறிப்பு படிக்கத் தெரியாது என்பது நேர்மையான பதில். நானும் அந்த ஜாதிதான்.

இழப்பும் இல்லாமலில்லை. எழுதிய தாள், அழுகிற கிழவிக்காக ஒரு அடியை இன்னும் இரண்டு தடவை நீட்டாது. மேடைக் கச்சேரிகளில் இன்றும் அவர் முன்னால் ஆர்மோனியம்தான் இருக்கிறது. பாட்டு பிசகினால் கையைத் தூக்கி நிறுத்துகிறார், மறுபடி முதலிலிருந்து. டிக்கெட் வாங்கியவர்களில் சிலருக்கு எரிச்சல். ஸ்பெஷல் நாடகத்தில் இது நடக்காது. அங்கே பிசகை மூடி அடுத்த அடிக்குத் தள்ளிவிடுவதே ஆர்மோனியக்காரரின் வித்தை.