வாத்து வேட்டைக்காரர்கள் காப்பாற்றிய குட்டைகள்



உங்கள் வயலின் நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மழை பெய்தால் தண்ணீர் கட்டிக்கொள்கிறது. ஏர் போகாது, டிராக்டர் இறங்கினால் புதைந்துவிடும். என்ன செய்வீர்கள்? ஒரு வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்துவிட்டு, அந்த அரை ஏக்கரையும் சேர்த்து உழுதுவிடுவீர்கள். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்வேன். அமெரிக்க விவசாயிகளும் அதைத்தான் செய்தார்கள். அதனால் அந்த நாட்டுக் காட்டு வாத்துகள் குறைந்துகொண்டே வந்தன. அப்போது அந்தப் பள்ளங்களைக் காப்பாற்றப் பணம் கொண்டுவந்தவர்கள் யார் தெரியுமா? வாத்துகளைச் சுடுகிற வேட்டைக்காரர்கள்!

நம்ம பக்கத்துக் கதை இதற்கு நேர்மாறு. வேடந்தாங்கல் ஏரியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது, ஊர் ஜனங்கள் கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டு, 1798 இல் பாதுகாப்புக் கவுல் வாங்கினார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரியும். இந்தியாவில் 1972 இல் வனவிலங்குச் சட்டமும் வந்துவிட்டது. ஆகவே இந்தப் பேச்சைக் கேட்டுவிட்டு யாரும் துப்பாக்கியைத் துடைக்க வேண்டாம்! இது அமெரிக்காவின் கதை.

சென்ற நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டில், அமெரிக்காவில் வாத்து வேட்டை ஒரு வியாபாரம். செசபீக் விரிகுடாவில் இரவு நேரத்தில் தட்டைப் படகில் படுத்தபடி வருவார்கள். படகின் முனையில் பீரங்கி மாதிரி ஒரு துப்பாக்கி. தண்ணீரில் கூட்டமாக உறங்கும் வாத்துகள் மேல் ஒரே வேட்டு. டஜன் கணக்கில் விழும். பீப்பாயில் அடைத்து ரயிலேற்றினால் நியூயார்க் ஓட்டல்களுக்குப் போய்ச் சேரும். பொழுதுபோக்காகச் சுடுகிறவர்கள் இதைப் பார்த்துக் கொதித்தார்கள். இப்படியே போனால் நமக்கு மிஞ்சாது என்ற சுயநலமும் அதில் உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. 1900 இல் லேசி சட்டம், 1916 இல் கனடாவுக்காக பிரிட்டனோடு உடன்படிக்கை, 1918 இல் வலசைப் பறவைச் சட்டம் எல்லாம் வந்தன. வாத்தை விற்பது குற்றம் என்று ஆயிற்று. வசந்தகால வேட்டையும் நின்றது.

ஆனாலும் வாத்து பெருகவில்லை, பாருங்க. ஏனென்றால் சட்டம் துப்பாக்கியைத்தான் தடுக்கும்; தண்ணீரை நிறுத்தி வைக்காது.

வட, தெற்கு டகோட்டா, மினசோட்டா, கனடாவின் சமவெளி ஆகிய இடங்களில், பல ஆயிரம் வருஷத்துக்கு முன் பனிப்பாறைகள் உருகிப் பின்வாங்கியபோது விட்டுச்சென்ற சிறு குட்டைகள் லட்சக்கணக்கில் உண்டு. சில குட்டைகள் வசந்தத்தில் நிறைந்து சில வாரங்களில் வற்றிவிடும். பார்த்தால் ஒன்றுக்கும் உதவாத சேறு. ஆனால் ஆழமில்லாத அந்தத் தண்ணீர்தான் முதலில் வெதுவெதுப்பாகும். புழு, பூச்சி, நத்தை அதில்தான் சீக்கிரம் உண்டாகும். முட்டையிடப் போகும் பெட்டை வாத்துக்கு அந்தச் சத்து வேண்டும். நாம் கறவை மாட்டுக்குப் பிண்ணாக்கு வைக்கிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரிய ஏரி ஒன்றை மட்டும் காப்பாற்றினால் போதாது என்பது இதனால்தான்.

1929 இல் நார்பெக்கும் ஆண்ட்ரசனும் கொண்டுவந்த சட்டம் பறவைகளுக்கு நிலம் வாங்க வழி செய்தது. ஆனால் அதே வருஷம் பங்குச் சந்தை விழுந்தது, கஜானாவில் பணமில்லை. பின்னாலேயே பெரும் வறட்சி. குட்டைகள் காய்ந்து, உழுத மண் புழுதிப் புயலாகப் பறந்தது.

அப்போதுதான் ஒரு கார்ட்டூன்காரர் வருகிறார். அயோவாவின் டெமாயின் நகரத்துப் பத்திரிகையில் படம் போட்ட ஜே டார்லிங். ‘டிங்’ என்பது அவர் கையெழுத்து. ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டைக் கேலி செய்து வந்தவர். வாத்து வேட்டைப் பிரியரும்கூட. 1934 இல் ரூஸ்வெல்ட் அவரையே கூப்பிட்டு வனவிலங்கு இலாகாவுக்குத் தலைவராக்கிவிட்டார்! அந்த வேலையில் அவர் இரண்டு வருஷம்கூட இல்லை. ஆனால் 1934 மார்ச் 16 அன்று ‘வாத்து ஸ்டாம்பு’ சட்டம் கையெழுத்தாயிற்று. 16 வயதுக்கு மேற்பட்ட எவரும் நீர்ப்பறவை வேட்டைக்குப் போகுமுன் தபாலாபீசில் 1 டாலர் கொடுத்து ஒரு ஸ்டாம்பு வாங்க வேண்டும். முதல் ஸ்டாம்பின் படத்தை டார்லிங்கே வரைந்தார். இரண்டு வாத்துகள் தண்ணீரில் இறங்கும் காட்சி. முதல் வருஷம் 6,35,001 ஸ்டாம்புகள் விற்றன.

அவருக்குத் துணை நின்ற செனட்டர் பீட்டர் நார்பெக், தெற்கு டகோட்டாவில் கிணறு தோண்டும் தொழில் நடத்தியவர். நம்ம ஆள் மாதிரி! ஒருநாள் பொய்ப்பல்லைக் கழற்றிவிட்டு, சபையில் யாருக்கும் புரியாதபடி எதையோ முணுமுணுத்து 60 லட்சம் டாலருக்குச் சம்மதம் வாங்கிவிட்டார் என்று ஒரு கதை சொல்லுவார்கள். கதை எப்படியோ, பணம் வந்தது.

வேட்டைக்காரர்கள் எல்லாரும் சந்தோஷமாகக் கொடுத்தார்கள் என்று நினைக்காதீங்க. 1935 இல் டார்லிங் இரை தூவிச் சுடுவதையும், உயிர் வாத்தைக் கட்டிவைத்து மற்றவற்றை ஈர்ப்பதையும் தடுத்தபோது கடும் கோபம் கிளம்பியது. பின்னாளிலும் அப்படித்தான். ஈய ரவைகள் சேற்றில் விழுந்து கிடக்க, மணிக்கல் என்று நினைத்து விழுங்கிய வாத்துகள் விஷமேறிச் செத்தன. இரும்பு ரவைக்கு மாறச் சொன்னபோது வேட்டைக்காரர்களில் பலர் வருஷக்கணக்காக எதிர்த்தார்கள். 1991 இல்தான் நாடு முழுதும் வாத்து வேட்டையில் ஈயம் நின்றது. ஆனால் 1937 இல் ‘டக்ஸ் அன்லிமிடெட்’ சங்கத்தைத் தொடங்கி, சொந்தப் பணத்தால் கனடாவில் சதுப்பு நிலங்களில் தண்ணீர் தேக்கியவர்களும் வேட்டைக்காரர்கள்தாம்.

இனி விவசாயி பக்கம் வருவோம். இங்கேதான் வழக்கு.

1940களிலிருந்து விவசாய இலாகா குட்டையை வடிக்க மானியம் கொடுத்தது. இன்னொரு இலாகா ஸ்டாம்பு பணத்தில் நீர்நிலம் வாங்கியது. ஒரே சர்க்கார், வலது கை தோண்ட இடது கை மூடுகிறது! 1958 இல் சட்டம் திருத்தப்பட்டு, சிறு குட்டைகளுக்கும் பணம் வந்தது. நிலத்தை விற்க வேண்டாம். குட்டையை வடிக்க மாட்டேன், தூர்க்க மாட்டேன், எரிக்க மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தால் ஒரு முறை பணம். தானாக வற்றினால் உழலாம், மாடு மேய்க்கலாம். நியாயம்தானே?

ஆனால் அந்தப் பத்திரம் என்றென்றைக்கும். அப்பா கையெழுத்துப் போட்டால் பேரனையும் கட்டும். பிறகு நிலவிலை ஏறியது, இயந்திரங்கள் பெரிதாயின; குட்டையைச் சுற்றிச் சுற்றி உழுவதே தொல்லை. வட டகோட்டா சட்டசபை 1977 இல், இனி 99 வருஷத்துக்கு மேல் போகக்கூடாது என்று சட்டம் போட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் போய், 1983 இல் மத்திய சர்க்கார் பக்கம் தீர்ப்பாயிற்று. என்னைக் கேட்டால், தீர்ப்பு சட்டப்படி சரிதான். ஆனாலும் ஒரே ஒரு தடவை வாங்கிய பணத்துக்காகப் பேரன் கை கட்டப்படுவதை அந்த விவசாயிகள் வெறுத்ததில் தப்பில்லை.

1985 இல் சர்க்கார் வேறு வழி பிடித்தது. இனிமேல் புதிதாக நீர்நிலத்தை வடித்துப் பயிர் வைத்தால் விவசாய மானியம் கிடையாது என்றார்கள். அதற்குள் அலாஸ்கா, ஹவாய் நீங்கலாக மற்ற மாநிலங்களில், இருநூறு வருஷத்துக்கு முன் இருந்த 22.1 கோடி ஏக்கர் நீர்நிலத்தில் 10.4 கோடிதான் மிச்சம்.

2015 முதல் ஸ்டாம்பு விலை 25 டாலர். அந்தப் பணத்தில் 60 லட்சம் ஏக்கருக்கு மேல் காப்பாற்றப்பட்டிருக்கிறது. ஆனால் 1971-72 பருவத்தில் 24 லட்சம் விற்ற ஸ்டாம்பு அதற்குப் பிறகு அந்த அளவை எட்டவேயில்லை. வேட்டைக்குப் போகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். பறவை பார்ப்பவர்களும், ஸ்டாம்பு சேகரிப்பவர்களும் சிலர் வாங்குகிறார்கள். 2023 இல் உச்ச நீதிமன்றம், ஆறு ஏரிகளோடு ஒட்டித் தொடராத தனிக் குட்டைகளைத் தண்ணீர்ச் சட்டத்தின் காவலிலிருந்து விலக்கிவிட்டது. ஆகவே டகோட்டாவில் பத்திரம் எழுதாத குட்டைகளுக்கு இன்று பெரும்பாலும் அந்த மானியக் கட்டுப்பாடும், விதைப்புக்கு இறங்கும் விவசாயியின் மனசும்தான் காவல். வசந்தத்தில் வாத்துகள் தெற்கிலிருந்து திரும்பி வருகிற சமயமும், அவர் டிராக்டர் எடுக்கிற சமயமும் ஏறக்குறைய ஒன்றேதான்.