முதல் திருத்தம்: நாம சொல்லாம விடுற மீதிப் பாதி

அரசியல் சட்டத்தோட முதல் திருத்தம்னு சொன்னாலே நம்ம ஊர்ல சட்டுனு வர்ற பதில், "பெரியார் போராடி வாங்கிக் கொடுத்தது, இடஒதுக்கீட்டுக்காக வந்தது." நானும் ரொம்ப காலம் அப்படித்தான் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். தப்பில்லை. ஆனா அது பாதிதான். மீதிப் பாதியும் மெட்ராஸ்ல கிளம்பின வம்புதான்கிறது, பழைய தீர்ப்புகளை எடுத்து வச்சுப் படிச்சப்பதான் உறைச்சது.

தெரிஞ்ச பாதியை முதல்ல முடிச்சுடறேன். 1950-ல் சென்னை ராஜ்ஜியத்தில் நாலு அரசு மருத்துவக் கல்லூரிகள், மொத்தம் 330 சீட். வெளி மாநிலத்தவருக்கு 17, அரசாங்கம் தன் விருப்பப்படி கொடுக்க 12. மிச்சத்தை கம்யூனல் ஜி.ஓ. படி 14, 14ஆகப் பிரிப்பாங்க. பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பின்தங்கிய இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, ஹரிஜனங்களுக்கு 2 (அன்றைய அரசாணையின் சொல் அது), ஆங்கிலோ இந்தியர் - கிறிஸ்தவர்களுக்கு 1, முஸ்லிம்களுக்கு 1. இதை எதிர்த்துத்தான் செண்பகம் துரைராஜன் 1950 ஜூனில் உயர் நீதிமன்றம் போனார்.

இதுல ஒரு வேடிக்கை. அவர் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பமே போடலை! விசாரிச்சதுல இடம் கிடைக்காதுன்னு தெரிஞ்சதாம், நேரா கோர்ட்டுக்குப் போயிட்டார். உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே இது பதிவாகியிருக்கு. கூடவே வழக்குப் போட்ட சீனிவாசன் என்பவர் பொறியியல் கல்லூரிக்கு நிஜமாகவே விண்ணப்பிச்சிருந்தார்.

உயர் நீதிமன்றம் அரசாணையை ரத்து பண்ணியது. இங்கே திராவிடர் கழகமும் திமுகவும் தெருவுக்கு வந்தன. 1951 ஏப்ரல் 9 அன்று ஏழு நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வும் அதையே உறுதி செய்தது. வேலைவாய்ப்பில் ஒதுக்கீட்டுக்கு 16(4) இருக்கு, கல்லூரிச் சேர்க்கைக்கு அப்படி எதையும் நீங்க எழுதி வைக்கலையே என்பது சாராம்சம். சட்டத்தை எழுத்து எழுத்தாகப் படித்தால் அந்த வாதத்தில் ஓட்டை கண்டுபிடிக்கிறது கஷ்டம். அதனால்தான் சட்டத்தையே மாத்த வேண்டி வந்தது.

இப்ப மீதிப் பாதி. பம்பாயில் ரொமேஷ் தாப்பர் 'கிராஸ் ரோட்ஸ்'னு ஒரு இடதுசாரி வாரப் பத்திரிகை நடத்திக்கிட்டிருந்தார். 1950 மார்ச் 1 அன்று அந்தப் பத்திரிகை சென்னை ராஜ்ஜியத்துக்குள்ளேயே வரக்கூடாதுன்னு நம்ம அரசாங்கம் தடை போட்டது. காரணம், பொது அமைதி. (சேலம் சிறையில் போலீஸ் சுட்டு 22 கைதிகள் செத்து அப்ப மூணு வாரம்கூட ஆகலை. அமைதி எந்த லட்சணத்தில் இருந்ததுன்னு பார்த்துக்குங்க.) மே 26-ல் உச்ச நீதிமன்றம் தடையை ரத்து செய்தது. தீர்ப்பு எழுதியவர் பதஞ்சலி சாஸ்திரி, சென்னையிலிருந்து போனவர். நாட்டின் பாதுகாப்பு வேறு, பொது அமைதி வேறு. அன்றைய 19(2)-ல் பொது அமைதி என்ற வார்த்தையே கிடையாது, அதைச் சொல்லி பேச்சைத் தடுக்க முடியாது என்றார்.

ஆக ரெண்டு வழக்கிலும் தோத்தது சென்னை அரசு. ரெண்டையும் ஒரே மசோதாவில் நேரு சரிக்கட்டினார். ஜமீன் ஒழிப்புச் சட்டங்களைக் காப்பாற்றும் பிரிவுகளும் அதே மூட்டையில். 1951 மே 12-ல் தாக்கல், ஜூன் 18-ல் சட்டம். முதல் பொதுத்தேர்தலே அப்ப நடக்கலை, இருந்தது தற்காலிக நாடாளுமன்றம்! 15(4) உள்ளே வந்தது. 19(2)-ல் பொது அமைதி, அயல்நாட்டு நட்புறவு, குற்றம் செய்யத் தூண்டுதல்னு மூணு புதுக் காரணங்கள் சேர்ந்தன. சியாமா பிரசாத் முகர்ஜி போன்றவர்கள் கடுமையாக எதிர்த்தாங்க.

நேரு பத்திரிகைகளின் வாயைக் கட்டினார்னு இப்ப எழுதுறவங்க 15(4)-ஐ ஒரு வரியில் தாண்டிப் போறாங்க. நாம 15(4)-ஐக் கொண்டாடிட்டு கிராஸ் ரோட்ஸை மறந்துடறோம். எனக்கு 15(4) வேணும். அது இல்லாட்டி இந்த ஊர்ல பாதி டாக்டர்கள் இல்லை. ஆனா ஒரு பத்திரிகையை எல்லையில் மறிச்ச அதே அரசுக்காகவும்தான் சட்டம் திருத்தப்பட்டதுங்கறதை மறைச்சுட்டு அதைப் பேச இப்பல்லாம் கூச்சமா இருக்கு.

ஒரு விஷயம் மட்டும் ஆறுதல். நேரு கொண்டுவந்த மசோதாவில், பேச்சுரிமைக்கான கட்டுப்பாடுகள் 'நியாயமானதாக' இருக்கணும் என்ற சொல் கிடையாது. எதிர்ப்புக்குப் பிறகு தேர்வுக் குழுதான் அதை நுழைத்தது. ஒத்தை வார்த்தை. 2015 மார்ச் 24 அன்று ஸ்ரேயா சிங்கால் வழக்கில் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் தூக்கி எறிஞ்சப்ப, அந்த வார்த்தையை வச்சுத்தான் அளந்தாங்க. இணையத்தில் எதையாவது கிறுக்கி வைக்கிற நம்ம எல்லாருக்கும் ராத்திரி போலீஸ் கதவைத் தட்டுமோங்கற பயம் கொஞ்சம் குறைஞ்சது அதனாலதான்.

பி.கு: முதல் திருத்தமே செல்லாதுன்னு சங்கரி பிரசாத் வழக்குப் போட்டார். செல்லும்னு 1951 அக்டோபரில் ஒருமனதாகத் தீர்ப்பு வந்தது. எழுதினது யாருன்னு நினைக்கறீங்க? அதே பதஞ்சலி சாஸ்திரி :-)