ஈட்டி எறிந்த கரம்

உச்சியை எட்டியவர் வரலாறே இளைஞர்க்குப் பாடம் என்பாருளர். எட்டாதவர் வாழ்விலும் கற்கத்தக்கவை உண்டு.

உத்தரப் பிரதேசத்தில் லொறிச் சாரதி ஒருவரின் ஒன்பது மக்களுள் ஒருவராக 1988இல் பிறந்தவர் ரிங்கு சிங். ஈட்டி எறிவதில் வல்லவர். 2008இல் நடந்த பந்தெறியும் போட்டியில் 37,000க்கும் மேற்பட்டோர் கலந்துகொண்டனர். மணிக்கு 87 மைல் வேகத்தில் எறிந்து, ஓர் இலட்சம் டொலர் பரிசை இவர் வென்றார்.

பேஸ்போல் ஆட்டத்தை அதுவரை அறியாத இவ்வாலிபர், தினேஷ் பட்டேல் என்பாருடன் அமெரிக்கா சென்றார். அவ்வாண்டே பிற்ஸ்பர்க் பைரேற்ஸ் கழகம் இருவரையும் ஒப்பந்தம் செய்தது. அத்தகைய ஒப்பந்தம் பெற்ற முதல் இந்தியர் இவர்களே. ஆட்டவிதியையும் ஆங்கிலத்தையும் ஒருங்கே கற்ற ரிங்கு, 2009 யூலையில், அமெரிக்கத் தொழில்முறை ஆட்டமொன்றில் வெற்றிக்குரிய பந்தெறிவாளரான முதல் இந்தியக் குடிமகனானார்.

ஆயினும் தினேஷ் 2010இல் விடுவிக்கப்பட்டுத் தாயகம் மீண்டார். ரிங்குவை 2013இல் முழங்கைக் காயம் முடக்கியது. முதன்மை லீக்கில் அவர் ஒருநாளும் ஆடவில்லை. எனினும் சோர்ந்திலர், 2018இல் தொழில்முறை மல்யுத்தத்தில் புகுந்து, பின்னர் வீர் மகான் என்னும் பெயரால் அறியப்பட்டார்.

பரிசு ஒரே நாளில் வந்தது. ஆட்டம் பல்லாண்டுப் பயிற்சியால் வந்தது. கை தளர்ந்தபோது காத்ததும் அப்பயிற்சி தந்த துணிவே. கடற்கரை மணலில் பந்தாடும் நம் இளைஞர் இதனைச் சிந்திப்பாராக. ஆட்டக்காலம் குறுகியது, வாழ்க்கை நெடியது.